கம்ப்யூட்டர்ல குளம் வத்தாது

ஒரு தப்பு பண்ணிட்டேன் மக்களே. ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு ஒத்துக்கிட்டாச்சு. இருந்தாலும் இங்கேயும் எழுதி வச்சிடறேன். ஏன்னா, இதே தப்பை என்னைவிடப் பெரிய படிப்பு படிச்சவங்க கலர் கலரா படம் போட்டு, ரிப்போர்ட்டுன்னு பைண்டு பண்ணிக் கொடுத்தா, நாம வாயை மூடிக்கிட்டு நம்பிடுவோம்.

கதை மாசி மாசம் ஆரம்பிக்குது. கும்பப்பூ அறுப்பு சமயத்துல ஊருக்குப் போயிருந்தேன். (அறுக்கப் போகலை. மிஷின் அறுத்துச்சு, நான் வரப்புல நின்னு போட்டோ எடுத்தேன், ஹி ஹி.) எங்க ஊர் தோவாளை தாலுகா. ஒரு பக்கம் மலை, நடுவுல குளம், குளத்துக்குக் கீழ வயப்பத்து. அந்தப் பத்துல நாலு ஏக்கரை வாங்கி மனை போட்டு விக்கறாங்க. மனைக்காரங்களுக்கு எல்லாம் பொதுவா ஒரு போர், அறுநூறு அடி. வண்டி போக வசதியா குளத்தோட ஒரு மூலையில மண்ணடிச்சு ரோடு போடவும் ஒரு யோசனை. சுத்தியிருக்கற கிணத்துக்காரங்களுக்கு வயித்துல புளி.

சாயங்காலம் சித்தப்பா திண்ணையில உட்கார்ந்து கேட்டார்.

"லேய் மக்கா, நீ நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான கெடக்க. அவனுவ அறுநூறு அடியில தண்ணி உறிஞ்சினா நம்ம கெணறு வத்துமா, வத்தாதா? பாத்துச் சொல்லு, கேட்டியா."

நான் பொட்டி தட்டறவன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஆணி புடுங்கறது, வாரக்கடைசியில ரயிலைப் பிடிச்சு ஊருக்கு வர்றது, இதுதான் பொழப்பு. ஆனா படிச்சது மெக்கானிக்கல். பாய்மவியல் பேப்பர்ல நல்ல மார்க்கு வேற. 'சிமுலேஷன் போட்டுப் பாத்திரலாம் சித்தப்பா'ன்னு சொல்லிட்டேன். வாய்தான் எனக்கு எப்பவும் ஆப்பு.

இதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, பேரு மாட்ஃப்ளோ. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 1984-ல வெளியிட்டது. இப்போ புழக்கத்துல இருக்கற ஆறாவது பதிப்பு 2017-ல வந்துச்சு. இலவசம். பைத்தான் தெரிஞ்சா ஒரு ராத்திரியில ஓட்டிரலாம். நானும் ஓட்டினேன். அங்கதான் வினை.

மேல போறதுக்கு முன்னாடி நம்ம பாறையைப் பத்தி கொஞ்சம். நாகர்கோவிலைச் சுத்தி கீழ இருக்கறது பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவுல ஜாப் சார்னோக்குன்னு ஒரு வெள்ளைக்காரரோட கல்லறை இருக்கு. அந்தக் கல்லைப் பாத்துட்டு, அதே வகை பாறைக்கு 1893-ல ஹாலண்டுன்னு ஒரு நிலவியலாளர் வச்ச பேர் இது. சென்னை பக்கம் பல்லாவரத்துல இருக்கறதும் இதே இனம்தான். இரும்பு மாதிரி கல்லு. மணல்லயோ வண்டல்லயோ இருக்கற மாதிரி இதுக்குள்ள தண்ணி தங்க இடமே கிடையாது.

தண்ணியை ஒரு மண்ணோ கல்லோ எவ்வளவு சுலபமா உள்ள விடும்ங்கறதை முதல்ல அளந்து சொன்னவர் ஹென்றி டார்சி. பிரான்ஸ்ல டிஜான் ஊருக்குத் தண்ணி கொண்டுவந்த இஞ்சினியர். 1856-ல மணலைக் குழாய்ல அடைச்சு தண்ணி விட்டுப் பாத்து ஒரு விதி சொன்னார். இன்னைக்கு வரைக்கும் எல்லா சாஃப்ட்வேரும் அந்த விதி மேலதான் ஓடுது. அவர் சோதிச்சது மணல்ங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

விரிசல் இல்லாத முழுப்பாறையை எடுத்துக்கிட்டா, அதோட கடத்துதிறன் ஒரு செகண்டுக்கு ஒரு மீட்டர்ல லட்சம் கோடியில் ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். புரியற மாதிரி சொன்னா, மேல இருந்து கீழ நேரா இறங்கற தண்ணி, ஒரு வருஷம் முழுக்க நின்னாலும் 0.03 மில்லிமீட்டர்தான் உள்ள போகும். அதாவது ஒண்ணும் போகாது.

அப்போ நம்ம போர்ல வர்ற தண்ணி எங்க இருந்து வருது? விரிசல்ல இருந்து. இங்கதான் கணக்கு விளையாடும். வழவழன்னு ரெண்டு சுவர் இருக்கற ஒரு விரிசல்ல ஓடற தண்ணி, விரிசலோட அகலத்தின் மூணாவது அடுக்குல ஏறும். அகலம் ரெண்டு மடங்கானா தண்ணி எட்டு மடங்கு. பத்து மீட்டர் பாறையில ஒரே ஒரு மில்லிமீட்டர் விரிசல் இருந்தாப் போதும், அந்தப் பத்து மீட்டரும் மணல் மாதிரி நடந்துக்கும். முன்னாடி சொன்ன அதே சரிவுல நாளுக்கு ஏழு மீட்டர் தண்ணி கடத்தும். விரிசல் அதுல பத்துல ஒண்ணா, ஒரு காகிதத் தடிமனா இருந்தா? நாளுக்கு ஏழு மில்லிமீட்டர். ஆயிரத்துல ஒரு பங்கு! இதுல நிஜ விரிசல் வழவழன்னும் இருக்காது. களிமண் அடைச்சிருக்கும், பாதியில முடிஞ்சிரும், அடுத்த விரிசலோட சேராமயே போயிரும். ஆழம் போகப் போக மேல இருக்கற பாரத்துல இறுகியும் போகும்.

ஆக, அறுநூறு அடிக்குக் கீழ இருக்கற காகிதத் தடிமன் விஷயம் ஒண்ணு. அதை வச்சுத்தான் சித்தப்பாவோட கிணறு வத்துமா வத்தாதான்னு நான் சொல்லணும். அந்த விரிசலை நான் பாத்ததில்லை. யாரும் பாத்ததில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் மட்டும் 'முந்நூத்தம்பதுல ஒரு கேப் கெடச்சுது, ஒன்றரை இஞ்சு தண்ணி'ன்னு சொல்லுவார். அதுதான் நம்மகிட்ட இருக்கற மொத்த டேட்டா.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் போட்ட மாடல் இதுதான். பூமியைப் பத்து மீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சேன். மேல மக்கிப்போன பாறையும் மண்ணும் ஒரு அடுக்கு, நடுவுல விரிசல் பாறை ஒரு அடுக்கு, அடியில முழுப்பாறை. ஒவ்வொரு அடுக்குக்கும் புத்தகத்துல இருந்து ஒரு எண். மலைப்பக்கம் தண்ணி உள்ள வராதுன்னு ஒரு எல்லை. கீழ்ப்பக்கம் கால்வாய். நடுவுல நம்ம குளம்.

குளத்தை எப்படி வைக்கறது? சாஃப்ட்வேர்ல ஒரு வசதி இருக்கு. 'இந்தக் கட்டத்துல தண்ணி மட்டம் மாறாது'ன்னு சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சது. எல்லா பாடத்துலயும் முதல் உதாரணமே அப்படித்தான் வரும். நானும் குளத்தோட மட்டத்தை, மறுகால் பாயற உயரத்துல வச்சு, 'மாறாது'ன்னு போட்டேன். ஓட விட்டேன். ரெண்டு நிமிஷம். திரை முழுக்க நீலம். போர்ல நாளுக்கு முப்பதாயிரம் லிட்டர் எடுத்தும், சுத்தியிருக்கற கிணறுகள்ல மட்டம் ஒரு சாண்கூட இறங்கலை. தண்ணிக் கணக்குல பிழை எவ்வளவுன்னு சாஃப்ட்வேரே கடைசியில ஒரு வரி எழுதும். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் சதவீதம்! எனக்குப் பெருமை தாங்கலை. படத்தை பிரிண்டு போட்டு சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன்.

பங்குனியில கூட்டம் நடந்திருக்கு. சித்தப்பா வெள்ளந்தியா படத்தைக் காட்டியிருக்கார். மனை விக்கறவங்களுக்கு கொண்டாட்டம். 'பாத்தியளா, உங்க ஊருப் பையனே கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டான், ஒரு கெணறும் வத்தாது'ன்னு அந்தப் படத்தையே போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மனை வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் இப்போ என் படம்தான் காட்டறாங்களாம். சித்தி போன்ல சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. (இதை எழுதும்போது வெக்கமா இருக்கு.)

சித்திரைக்கடைசியில ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி குளத்தங்கரை வழியா நடந்தா, குளத்துக்குள்ள பசங்க கிரிக்கெட் விளையாடறாங்க. ஸ்டம்ப்பு நட்டிருந்த இடம் என் மாடல்ல ரெண்டு ஆள் ஆழம் தண்ணி.

அப்படியே ஙேன்னு நின்னுட்டேன்.

இதுல எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லைங்கறதுதான் கொடுமை. பேச்சிப்பாறை அணை 1906-ல முடிஞ்சது. அந்தத் தண்ணி ஜூன் 1-ல திறந்து பிப்ரவரி 28-ல அடைக்கறது வழக்கம். ரெண்டு பூவுக்கும் அதுதான் கணக்கு. பங்குனி, சித்திரை, வைகாசி கால்வாய்ல தண்ணி கிடையாது, குளம் தரையைக் காட்டும். சின்ன வயசுல அதே குளத்துல நானும் கிரிக்கெட் விளையாடினவன்தான். ஆனா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தப்போ என் ஊர்க்காரன் புத்தி எங்கயோ போயிட்டு, பாடப்புத்தகம் படிச்சவன் புத்தி மட்டும்தான் வேலை செஞ்சுது.

ராத்திரியே லேப்டாப்பைத் திறந்தேன். இந்தத் தடவை படத்தைப் பாக்கலை, வரவுசெலவைப் பாத்தேன். போர்ல எடுத்த தண்ணி எங்கயிருந்து வந்துச்சு? ஏறக்குறைய முழுக்க குளத்துக் கட்டங்கள்ல இருந்து. 'மட்டம் மாறாது'ன்னு நான் சொன்னதுக்கு அர்த்தம் என்ன? 'எவ்வளவு எடுத்தாலும் யாரோ ஒருத்தர் வந்து ஊத்திக்கிட்டே இருப்பார்'னு. நான் குளத்தை வைக்கலை மக்களே, கடலை வச்சிருக்கேன்! கணக்குல பிழை பூஜ்யம்னா, வந்த தண்ணியும் போன தண்ணியும் சமம்னு மட்டும்தான் அர்த்தம். வந்த தண்ணி நிஜமா உண்டான்னு சாஃப்ட்வேர் கேக்காது. அது நம்ம வேலை.

இன்னும் கேளுங்க. எந்தக் குளம் என் மாடல்ல ஊரைக் காப்பாத்துச்சோ, அதே குளத்துலதான் மண்ணடிச்சு ரோடு போடப் போறாங்க. அந்த வேலைக்கு 'ஒண்ணும் ஆகாது'ன்னு சாட்சி என் படம்.

மறுபடி போட்டேன். குளத்துக்கு ஒரு கொள்ளளவு கொடுத்தேன். மூணு மாசம் வரத்து இல்லைன்னு சொன்னேன். அடியில படிஞ்சிருக்கற வண்டல் தண்ணியை மெதுவாத்தான் விடும், அதுக்கும் ஒரு எண். இப்போ படம் மாறிச்சு. ஆனா ஒரே படமா மாறலை. எந்த எண்ணைக் கொடுக்கறேனோ அதுக்குத் தக்கபடி ஆடுச்சு.

எவ்வளவு ஆடும்னு சாஃப்ட்வேர் இல்லாம கையாலயே கணக்குப் போடலாம், பாருங்க. நிலத்தடி நீரை மதிப்பிட மத்திய அரசு கமிட்டியோட 1997 வழிமுறை ஒண்ணு இருக்கு. மட்டம் இறங்கும்போது பாறை எவ்வளவு தண்ணி விடும்னு அதுல பட்டியல் கொடுத்திருக்காங்க. களி கம்மியா, நல்லா மக்கின பாறைன்னா 3 சதவீதம். விரிசல் அதிகமில்லாத முழுப்பாறைன்னா 0.3 சதவீதம். நாளுக்கு 30,000 லிட்டர், 90 நாள் எடுத்தா 27 லட்சம் லிட்டர். புதுசா தண்ணி எதுவும் சேரலைன்னா, முதல் எண்ணுக்கு 22 ஏக்கர்ல ஒரு மீட்டர் மட்டம் இறங்கும். ரெண்டாவது எண்ணுக்கு 222 ஏக்கர்ல ஒரு மீட்டர் இறங்கும். ஒரே போர், ஒரே மோட்டார். பட்டியல்ல வேற வரிக்கு இறங்கினதுக்கு ஒரு பூஜ்யம் பக்கத்து ஊர் வரைக்கும் போகுது.

இன்னொரு விதமாச் சொன்னா, முழுப்பாறையில ஒரு ஏக்கர்ல ஒரு மீட்டர் மட்டம் இறங்கினா கிடைக்கற தண்ணி 12,000 லிட்டர். ஒரே ஒரு டேங்கர் லாரி. 'அறுநூறு அடியில கடல் மாதிரி தண்ணி கெடக்கு'ன்னு சொல்றவங்ககிட்ட இந்த டேங்கர் கணக்கைச் சொல்லிப் பாருங்க.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். 'பாத்தியா, கம்ப்யூட்டர் எல்லாம் சும்மா, தேங்காயை உள்ளங்கையில வச்சு நீரோட்டம் பாக்கறதே மேல்'னு சிலர் சொல்வாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. தேங்காய் நிமிர்ந்துச்சுன்னா நிமிர்ந்துச்சுதான், ஏன்னு திருப்பிக் கேக்க முடியாது. மாடலைக் கேக்கலாம். என் தப்பை எனக்குக் காட்டினதும் அதே மாடலோட வரவுசெலவுப் பக்கம்தானே. ஆனா கேக்கற பழக்கம் நமக்கு வேணும். படத்தைப் பாத்ததும் கும்பிடற பழக்கம் போகணும்.

நம்ம நாட்டுல இதுக்கு முறைன்னு ஒண்ணு வேணும்னா நான் மூணே மூணு கேள்விதான் வைப்பேன். குவாரிக்கோ, மனைக்கோ, தண்ணி கம்பெனிக்கோ, யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் ஊர்க்காரங்க இதைக் கேக்கணும்.

ஒண்ணு: ஓரத்துல என்ன வச்சிருக்கீங்க? எந்த இடத்துல தண்ணி மட்டம் மாறாதுன்னு எழுதியிருக்கீங்க? அந்த இடம் சித்திரையில எப்படி இருக்கும்?

ரெண்டு: பாறைக்குப் போட்ட எண் எங்கயிருந்து வந்துச்சு? இந்த ஊர்ல ஒரு கிணத்துல மோட்டார் போட்டு இறைச்சு, பக்கத்துக் கிணத்துல மட்டம் எப்படி இறங்குதுன்னு அளந்ததா, புத்தகத்துல பாத்து எழுதினதா? புத்தகம்னா, அதோட ரெண்டு கோடிக்கும் ஓட்டின படத்தைக் காட்டுங்க.

மூணு: எடுக்கற தண்ணி எங்கயிருந்து வருது? நீங்க மூடப்போற குளத்துல இருந்தா?

இதுக்குப் பதில் இல்லைன்னா அது சிமுலேஷன் இல்லை, கலர் கோலம்.

பின்லாந்துல ஓல்கிலுவோட்டோன்னு ஒரு தீவு. அணுக்கழிவைப் புதைக்க சுமார் 430 மீட்டர் ஆழத்துல சுரங்கம் வெட்டியிருக்காங்க. அதுவும் கெட்டிப்பாறைதான். அந்தப் பாறை விரிசல்ல தண்ணி எப்படி நகரும்ங்கறதுதான் அவங்களுக்கும் கேள்வி. 2004-ல தோண்ட ஆரம்பிச்சு, துளை போட்டு, விரிசலை நேர்ல பாத்து, அளந்து, மாடலைத் திருத்தி, மறுபடி அளந்து, வருஷக்கணக்கா அதையேதான் செஞ்சாங்க. நம்ம கிணத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கயிறு, ஒரு கல்லு, ஒரு நோட்டு போதும். வாரத்துக்கு ஒரு தடவை கிணத்துல மட்டம் பாத்து எழுதணும். ரெண்டு பூ, ஒரு கோடை எழுதினா, எந்த சாஃப்ட்வேரும் நம்ம ஊர்ல கதை விட முடியாது.

இன்னொண்ணு. நான் எந்த எண்ணைப் போட்டாலும், விரிசலை அகலமா வச்சாலும் காகிதமா வச்சாலும், ஒரு விஷயம் மட்டும் மாறலை. பாறைக்குள்ள தண்ணி உற்பத்தி ஆகறதில்லை. மேல இருக்கற பத்து இருபது மீட்டர் மக்கின பாறையில சேர்றதுதான் விரிசல் வழியாக் கீழ போகுது. அந்த மேலடுக்குக்குத் தண்ணி கொடுக்கறது ரெண்டு மழை, ஒரு குளம், அப்புறம் தண்ணி கட்டி நிக்கற வயல். வயலை மனையாக்கினா ஒண்ணு போச்சு. குளத்துல மண்ணடிச்சா ரெண்டாவதும் குறைஞ்சது. போரை ஆயிரம் அடிக்கு இறக்கினாலும் மேல விழாத தண்ணி கீழ இருக்காது. சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கும் வேம்பனூருக்கும் 2022-ல ராம்சார் அந்தஸ்து கிடைச்சுது, சந்தோஷம். வர்ற பறவைக்காக அந்தக் குளங்களைக் காப்பாத்தறோம். பேரில்லாத மத்த குளங்களைக் கிணத்துக்காகவாவது காப்பாத்த வேண்டாமா?

வைகாசியில மறுபடி கூட்டம். நான் எழுந்து, 'நான் கொடுத்த படம் தப்பு, அதுல குளம் வத்தவே வத்தாதுன்னு எழுதிட்டேன்'னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் பின்னால இருந்து ஒரு அண்ணாச்சி, "அதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா தம்பி? இந்தக் குளம் என்னைக்கு வத்தும், எந்த மடையில கடைசித் தண்ணி நிக்கும்னு எனக்கு மனப்பாடமாக்கும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. என் டவுசர் கிழிஞ்சது. ஆனா அவர் சொன்னதுதான் நியாயம். என் மாடலுக்கு வேண்டிய முக்கியமான எண் அவர்கிட்ட இருந்திருக்கு, நான் கேக்கலை.

மனைக்காரங்க 'இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படி'ன்னு குதிக்கறாங்க. என் பழைய படத்தை இன்னும் காட்டிட்டுத்தான் இருக்காங்க. ஒரு தடவை வெளிய போன படத்தைத் திருப்பி வாங்க முடியலை. ரோடு விஷயம் இன்னும் முடிவாகலை, போர் வண்டியும் இன்னும் வரலை.

ஆனா சித்தி ஒரு காரியம் பண்ணியிருக்காங்க. பால் கணக்கு எழுதற நோட்டோட கடைசிப் பக்கத்துல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆறு கிணத்தோட மட்டம் எழுதறாங்க. முதல் வரி எங்க கிணறு: 'உறை மூணு தெரியுது'. மீட்டர் கணக்குல இல்லையேன்னு நான் இழுத்தேன். "ஒரு உறை எத்தனை அடின்னு அளந்துக்கோ. எனக்கு வேற சோலி கெடக்கு"ன்னுட்டாங்க.

அளந்துக்கிட்டேன்.

டிஸ்கி: சாஃப்ட்வேர்மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைச் செஞ்சுது, சொன்னவன்தான் சரியில்லை. உங்க ஊர்லயும் கிணத்து மட்டம் எழுதி வச்ச பழைய நோட்டு யார் வீட்டுலயாவது இருந்தா, பழைய பேப்பருக்குப் போட்டுடாதீங்க. பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லுங்க. :-)